சவுக்கு மரம் யாருக்குச் சொந்தம்?

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்களின் தலையில் விறகுக் கட்டு இருக்கும். கவ்வாத்து முடிந்த மலையில் பொறுக்கிய மிலாறு, சவுக்கு மரத்திலிருந்து விழுந்த காய்ந்த கிளை. அந்தச் சவுக்குக்குக் குழி வெட்டியதும் கன்று நட்டதும் தோட்டத் தொழிலாளர்கள்தான். மரம் மட்டும் அவர்களுடையதல்ல.

நிலம் அரசுடையது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டு, தோட்டங்கள் 53 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. மரத்தின் தேவையோ தீர்வதில்லை. ஒரு கிலோ தேயிலைத் தூளை வாட்டிக் காயவைக்க ஒரு கிலோவுக்கும் அதிகமான விறகு எரிகிறது. அதற்காகத்தான் சரிவுகளில் யூகலிப்டஸ் வளர்க்கிறார்கள்.

மரத்தைச் சிறு உடைமையாளர்கள் சேர்ந்து ஆளும் இடமும் உலகில் உண்டு. தென் சுவீடனில் 1938இல் தொடங்கிய சோத்ரா, குடும்பக் காடு வைத்திருக்கும் சுமார் 50,000 பேரின் கூட்டுறவு. காடு அவரவர் பெயரிலேயே இருக்கிறது, விற்பனை மட்டும் சேர்ந்து நடக்கிறது. மரத்தை வாங்குவது சங்கம். அறுக்கும் ஆலையும் காகிதக்கூழ் ஆலையும் சங்கத்துக்கே சொந்தம். அதனால் மரம் விற்றவருக்கு விலையும் கிடைக்கிறது, ஆலையின் லாபத்திலிருந்து பங்கும் வருகிறது. பெரிய காடு வைத்திருந்தாலும் சிறிய காடு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான்.

2005 ஜனவரியில் குட்ருன் புயல் ஒரே இரவில் ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. சுவீடன் முழுவதும் ஓராண்டில் வெட்டும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். எல்லாருடைய மரமும் ஒரே நாளில் விழுந்தால் விலை நிற்காது. கிடக்கும் மரத்தைப் பூச்சி அரிக்கும். தனி ஆள் வாங்குபவர் வாசலில் காத்து நிற்க வேண்டியதுதான். சொந்த ஆலை வைத்திருக்கும் சங்கத்தின் அருமை அப்போதுதான் தெரியும். ஆனால் சங்கம் என்றாலே தப்பித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1970களின் இறுதியில் சோத்ராவே கடனில் தள்ளாடி, அரசு பங்கு எடுத்துக் கைகொடுக்க நேர்ந்தது.

காணி இல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். 7 பேர்ச்சஸ் காணிக்கே பல்லாண்டு போராடிய மக்களிடம் உங்கள் காட்டை ஒன்றுசேருங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. அவர்களுக்குப் பக்கத்து நாடான இந்தியாவில் வேறொரு முன்னுதாரணம் இருக்கிறது. பால் கூட்டுறவுக்குப் பெயர்பெற்ற ஆனந்த் நகரில், தேசியப் பால்வள வாரியத்தின் முயற்சியால், 1988இல் மரம் வளர்ப்போர் கூட்டுறவுக் கூட்டமைப்பு அமைந்தது. கிராமச் சங்கங்கள் அரசின் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மரமும் புல்லும் வளர்த்தன. நிலமற்றவர்களும் உறுப்பினர்களானார்கள். மரம் வளரும்வரை ஆண்டுதோறும் கைக்கு வந்தது புல்தான். 2001இல் அந்த அமைப்பு உருமாறி, பொது நிலங்களைக் காக்கும் பணிக்குத் திரும்பியது.

கொட்டகலைக்கு நான் கேட்பது அந்த வழியை. தேயிலை கைவிடப்பட்டுப் பற்றைக்காடாகிப்போன மலைகளைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுக்கலாம். விறகை வாங்கத் தேயிலை ஆலையான ஸ்டோர் பக்கத்திலேயே இருக்கிறது. செங்குத்தான சரிவில் மொத்தமாக வெட்டினால் மண் சரியும் என்பதால் ஊடுவெட்டு மட்டுமே நடக்க வேண்டும், வெட்டு அனுமதியும் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. இந்த மழைக்கு நடும் சவுக்கு முற்றி நிற்கப்போவதும் அந்த ஆண்டை ஒட்டித்தான். அதற்குள் அந்த மரத்தின் சொந்தக்காரர் யார் என்பது காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.