கடலோரப் புல்வெளி யாருக்கு?

யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொன்னில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் கடற்காற்று, மணல்தரை, குட்டைப்புல் என்று அந்தத் தீவுக் கரைகளில் நாம் காண்பவற்றை வைத்துத்தான் இந்த விளையாட்டே பிறந்தது என்றால் நம்புவீர்களா? பணக்காரர் ஆட்டம் என்றல்லவா நினைத்திருந்தோம்!

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், கடலோர மணல்வெளியில் ஊர்மக்கள் விளையாடும் உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனம் உறுதி செய்தது. இன்றும் அது பொதுமைதானம்தான். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். குழியின் அகலமோ 108 மில்லிமீட்டர்! கையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். எதிராளியைவிடக் காற்றுதான் பொல்லாதது. உயர அடித்த பந்தை அது எங்கோ தள்ளிவிடும்; தாழ அடித்து உருட்டத் தெரிந்தவரே தேறுவார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. சாதாரண ஆட்டத்தில் நடுவர் கூட வருவதில்லை. தவறு செய்தால், யாரும் பார்க்காவிட்டாலும், ஆடுபவரே சொல்லித் தண்டனை அடியைத் தன் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள பழைய மைதானத்தில் வழக்கமாக ஆட்டம் இல்லை. குடும்பங்கள் உலாவ வருகின்றன.

இலங்கையிலும் இப்படியோர் இடம் உண்டு. 1879இல் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கழகம் முதலில் ஆடியது காலிமுகத்திடலில்! அங்குள்ள கடலோர நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதிப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்துவைத்தார். கழகம் 1896இல் வேறிடம் போய்விட்டது. திடலில் இன்று பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள்.