படிவத்தைச் சரிபார்ப்பது எந்தக் கணிப்பொறி?

இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்புகிறீர்கள். கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கங்கள் வேண்டும், ஒன்பதுதான் இட்டிருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தியதும் 'எண் தவறு' என்று சிவப்பு எழுத்துகள் தோன்றுகின்றன. இந்தத் தவறைக் கண்டுபிடித்தது எது? உங்கள் கையில் உள்ள கருவியா? அல்லது எங்கோ தொலைவில் இருந்து படிவத்தைப் பெற்றுக்கொள்ளும் சர்வர் என்னும் கணிப்பொறியா?

இரண்டுமே சரிபார்க்க வல்லவை. ஆனால் இரண்டின் வேலையும் ஒன்றல்ல.

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் எல்லாத் தவறுகளையும் சர்வர்தான் பார்த்தது. ஓர் இலக்கம் குறைந்தாலும் படிவம் முழுவதும் தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாகச் சென்று, திருத்தும்படி திரும்பி வரவேண்டும். 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். இணையப் பக்கத்தோடு சேர்ந்து வரும் சிறு ஆணைத் தொடர்களை, நம் கணிப்பொறியிலுள்ள உலாவியே இயக்க அது வழிசெய்தது. தவறுகளை அங்கேயே, கண நேரத்தில் காட்ட முடிந்தது.

உலாவியால் எவ்வளவு கண்டுபிடிக்க முடியும்? வங்கி அட்டையின் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசி இலக்கம் ஒரு காவல் இலக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறை இது. இதற்கு 1960-இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

4716 என்ற சிறிய எண்ணில் செய்து பார்ப்போம். வலப்புறத்திலிருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டியுங்கள். 6 இரட்டித்தால் 12. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 3. அடுத்துள்ள 1 அப்படியே இருக்கட்டும். 7 இரட்டித்தால் 14, கூட்டினால் 5. கடைசியாக 4. மொத்தம் 3+1+5+4=13. இதை 20 ஆக்க 7 வேண்டும். ஆகவே காவல் இலக்கம் 7. முழு எண் 47167.

யாராவது கைதவறி 47617 என்று இட்டால் கூட்டுத்தொகை 24 ஆகிறது. இது பத்தின் மடங்கு அல்ல. எனவே தவறு வெளிப்பட்டுவிடும். ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இம்முறை எப்போதும் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடிக்கும். 0, 9 என்ற இணை மட்டும் தப்பிவிடும்.

இதற்கு வங்கியைக் கேட்க வேண்டியதில்லை. கணக்கு போட்டால் போதும். எனவே உலாவியே இதைச் செய்யலாம். ஆனால் அப்படி ஓர் அட்டையை வங்கி உண்மையில் வழங்கியதா, அதில் பணம் இருக்கிறதா என்பவை கணக்கில் கிடைக்கும் விடைகள் அல்ல. அவற்றை வங்கியின் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். அந்த வேலை சர்வருடையது.

இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. உலாவி இயங்குவது பயன்படுத்துபவரின் கணிப்பொறியில். அவர் விரும்பினால் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தலாம், ஆணைகளை மாற்றலாம், உலாவியே இல்லாமல் வேறு நிரல் மூலமும் செய்தி அனுப்பலாம். ஒரு கடையின் படிவத்தில் பொருளின் விலை 500 ரூபாய் என்றும் இருக்கிறது எனக் கொள்வோம். அதை ஒருவர் 5 என்று மாற்றி அனுப்புகிறார். சர்வர் தன் விலைப்பட்டியலைப் பாராமல் ஏற்றுக்கொண்டால் கடைக்காரருக்கு 495 ரூபாய் நட்டம்!

தேர்வில் விடைத்தாளைக் கொடுக்குமுன் நீங்களே ஒருமுறை சரிபார்க்கிறீர்கள். அது உங்கள் நன்மைக்காக. அதற்காக ஆசிரியர் திருத்தாமல் மதிப்பெண் போடுவதில்லை அல்லவா? உலாவியின் சோதனை முதல் வகை. சர்வரின் சோதனை இரண்டாம் வகை. உலாவியின் சோதனையை விட்டுவிட்டால் பயன்படுத்துபவருக்குச் சிரமம் மட்டுமே. சர்வரின் சோதனையை விட்டுவிட்டால் ஆபத்து. ஆதலால் உலாவி சோதித்தவற்றையும் சர்வர் மீண்டும் சோதிக்க வேண்டும்.

நீங்களும் முயன்று பாருங்கள்:

1. 5238 என்ற எண்ணுக்குக் காவல் இலக்கம் என்ன?

2. 'இந்தப் பயனர்பெயரை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார்' என்பதை எது கண்டுபிடிக்கும்?

(விடைகள்: 1. 1; 2. சர்வர். மற்றவர்களின் பெயர்ப் பட்டியல் அதனிடமே உள்ளது.)