காற்று கொண்டு போன போட்டோக்கள்

பேக் அப் பற்றி எழுதும்போதெல்லாம் "ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போனால் என்ன செய்வீர்கள்?" என்றுதான் ஆரம்பிப்பேன். இந்த முறை வீடே இல்லாமல் போன ஊர்களைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு வீசிய டொர்னாடோக்களைப் பற்றி ஒரு நாள் இரவு படிக்க ஆரம்பித்தேன். அதில் நம் பக்கங்களுக்கான விஷயம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

முதலில் டொர்னாடோ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நமக்குத் தெரிந்த புயல் கடலில் உருவாகி, நாட்கணக்கில் நகர்ந்து வரும். டொர்னாடோ இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை இறங்கும் சுழல் காற்று. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அகலமும் பொதுவாகச் சில நூறு மீட்டர்தான். சேதத்தை வைத்து இஎஃப்0 முதல் இஎஃப்5 வரை தரம் பிரிக்கிறார்கள். இஎஃப்5 என்றால் காற்றின் வேகம் மணிக்கு 320 கி.மீ.க்கும் மேல்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் சுமார் 1,700 டொர்னாடோக்கள் வீசின. 553 பேர் இறந்தார்கள். இவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏப்ரல் 27 என்ற ஒரே நாளில் இறந்தவர்கள். அலபாமா மாநிலத்தில்தான் இழப்பு மிக அதிகம். அங்கே காலையில் வீசிய முதல் சுற்றுக் காற்றே பல இடங்களில் கரண்டைத் துண்டித்துவிட்டது. பிற்பகலில் பெரிய டொர்னாடோக்கள் வந்தபோது பல வீடுகளில் எச்சரிக்கையைப் பார்க்க டிவி ஓடவில்லை.

அன்று மாலை வடக்கு அலபாமாவில் ஒரு பெண்ணின் வீட்டு முற்றத்தில் வானத்திலிருந்து போட்டோக்கள் விழுந்தன. யாரோ ஒருவரின் குடும்பப் படங்கள். அவர் அவற்றை ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கிப் போட்டார். சில நாட்களில் பல ஊர்க்காரர்களும் தங்கள் தோட்டத்தில் கிடந்த படங்கள், காசோலைகள், சான்றிதழ்களை அதில் போட ஆரம்பித்தார்கள். வீட்டை இழந்தவர்கள் பார்த்து, "இது என் பாட்டி" என்று அடையாளம் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இப்படி உரியவர்களிடம் திரும்பிப் போயின.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் நாக்ஸ் என்ற ஆய்வாளர் தன் மாணவர்களுடன் சேர்ந்து இதே பக்கத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். எங்கிருந்து கிளம்பியது, எங்கே விழுந்தது என்ற இரண்டும் தெரிந்த 934 பொருட்களை மேப்பில் குறித்தார்கள். ஃபில் கேம்பல் என்ற சிற்றூரிலிருந்து பறந்த ஒரு போட்டோ, பக்கத்து மாநிலமான டென்னஸியில் 353 கி.மீ. தள்ளி விழுந்திருந்தது. சென்னையிலிருந்து திருச்சியைத் தாண்டிப் போகும் தூரம்!

மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரை ஓர் இஎஃப்5 தாக்கியது. அகலம் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. இறந்தவர்கள் 161 பேர். சேதமடைந்த வீடுகள் சுமார் 7,500. அங்கிருந்த செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் கண்ணாடிகள் பெரும்பாலும் நொறுங்கின. காகித ரிக்கார்டுகளும் எக்ஸ்ரே படங்களும் 100 கி.மீ.க்கு அப்பால் கிடைத்தன. ஆனால் அந்த மருத்துவமனை மே 1ஆம் தேதிதான், அதாவது மூன்று வாரம் முன்புதான், நோயாளிகளின் ரிக்கார்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தது. சர்வர் இருந்தது அதே மாநிலத்தில் வேறொரு ஊரில். ஒரே வாரத்தில் கூடாரத்தில் மருத்துவமனை திறந்தபோது டாக்டர்களுக்கு நோயாளிகளின் விவரம் திரையில் கிடைத்தது. மூன்று வாரம் தள்ளிப் போட்டிருந்தால்? நாம் எத்தனை வேலைகளை "அடுத்த மாதம்" என்று வைத்திருக்கிறோம்!

ஜாப்ளினில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. மாலை 5.11க்கு முதல் சைரன் ஒலித்தது. 5.34க்குத்தான் டொர்னாடோ தரையைத் தொட்டது. ஆனாலும் பெரும்பாலானோர் உடனே பதுங்கவில்லை என்று பின்னர் வானிலைத் துறை விசாரித்துச் சொன்னது. அடிக்கடி சைரன் கேட்டுப் பழகியவர்கள். வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் போட்டுப் பார்த்தார்கள். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆன்டிவைரஸ் எச்சரிக்கையைப் படிக்காமல் மூடுபவன்தானே நானும்! 2012ல் அமெரிக்காவில் ஆபத்துள்ள பகுதியின் செல்போன்களுக்கு மட்டும் நேரடியாகச் செய்தி அனுப்பும் முறை வந்தது. 2023ல் நம் போன்கள் திடீரென்று அலறினவே, அந்தச் சோதனையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். செல் பிராட்கேஸ்ட் என்று பெயர். நம்பர் தேவையில்லை, டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் போய்விடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு என் பேக் அப்பைப் பார்த்தேன். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று, டிவிடிக்கள் ஒரு கட்டு. இரண்டும் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே உள்ள அலமாரியில்! ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவனின் லட்சணம் இது. இப்போது ஒரு காப்பி வேறு ஊரில் தங்கை வீட்டில் இருக்கிறது. முக்கியமான பைல்கள் கூகுள் டிரைவிலும் உள்ளன. பழைய ஆல்பங்களை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, பைல் பெயரிலேயே வருடத்தையும் ஊரையும் சேர்த்துவிடுகிறேன். படத்தின் பின்னால் பென்சிலால் லேசாகப் பெயரும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது படம் என்று கணக்கு. அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தில் இன்னும் பாதி பாக்கி.