கணணிமொழி: எதில் தொடங்கலாம்?

வழக்கு முடிவு வரும்வரை கணணி நிரல் எழுதப் பழக நினைக்கிறீர்களா? வீட்டிலிருந்து படிக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பைதன் நல்லது. இலவசம், எழுதுவதும் சுருக்கம், பிழையும் கெதியாகப் பிடிபடும். இணையத்தளம் செய்யத்தான் ஆசையென்றால் ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசர் இருந்தாலே காணும். கொலோன் காப்புறுதிக் கம்பனிகள் நிறைந்த நகரம். அப்படியான பெரிய நிறுவனங்களில் ஜாவா நிறையப் பாவிக்கிறார்கள், ஆனால் முதல் மொழியாக அது கொஞ்சம் கஷ்டம்தான்.

தமிழிலேயே கட்டளை எழுத 'எழில்' என்றொரு மொழியும் இருக்கு. பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த உதவும்; அதை வைத்து வேலை எடுக்கேலாது.

வேலைக்குப் போக நல்ல வழி, 'ஃபாக்இன்ஃபொர்மாற்றிக்கர்' என்ற 3 வருடத் தொழிற்பயிற்சி. வகுப்பும் பரீட்சையும் டொச்சில்தான். ஆகவே பைதனுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் டொச்சுக்கு இரண்டு கொடுங்கள். கம்பனியில் பயிற்சி தொடங்குமுன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேணும்.