லாப்ரடார் குட்டி 15,000 ரூபாய்தானே? முழுக் கணக்கையும் பார்த்துட்டு வாங்குங்க

போனஸ் வர்ற மாசத்தில் ரெண்டு கேள்வி தவறாம வருது. "ஒரு லாப்ரடார் குட்டி வாங்கலாமா?" இது முதல் கேள்வி. "பெண் குட்டியா வாங்கி, அது போடற குட்டிகளை வித்தா சைடு இன்கம் வருமா?" இது ரெண்டாவது. ரெண்டுக்கும் பதில் ஒரே கணக்கில்தான் இருக்கு. நிதானமா பார்த்துடலாம்.

குட்டியின் விலை ரொம்பச் சின்னத் தொகை

லாப்ரடார் சராசரியா 10 முதல் 12 வருஷம் வாழும். வளர்ந்த ஆண் நாய் 30 கிலோவைத் தாண்டும். அப்படின்னா நீங்க எடுக்கறது 12 வருஷப் பொறுப்பு. கார் லோனே 7 வருஷத்தில் முடிஞ்சிடும்!

ஒரு மாதிரி பட்ஜெட் போடுவோம். இதெல்லாம் கணக்குக்காக நான் வெச்சிருக்கற எண்கள். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

- உணவு: 3,500
- உண்ணி, குடற்புழு மருந்து: 700
- வருஷாந்திர தடுப்பூசி, செக்கப் (மாசக் கணக்கில்): 500
- ஊருக்குப் போகும்போது விட்டுட்டுப் போற போர்டிங் செலவு: 800
- ஷாம்பு, கழுத்துப்பட்டை, பொம்மை, மற்றவை: 500

மொத்தம் மாசம் 6,000 ரூபாய். 12 வருஷத்துக்கு 144 மாசம். விலைவாசி ஏறவே ஏறாதுன்னு வெச்சுக்கிட்டாலும் 8,64,000 ரூபாய். இதில் 15,000 ரூபாய் குட்டி விலை நூத்துக்கு ரெண்டு ரூபாய்கூட இல்லை.

ஆனா நம்ம ஆளுங்க பேரம் பேசறது அந்த ரெண்டு ரூபாயில்தான். நல்ல இடத்தில் 25,000 சொல்றாங்க, இன்னொருத்தர் 15,000-க்குத் தர்றார்னா உடனே அங்க ஓடறோம். அந்த 10,000 ரூபாய் வித்தியாசத்தை 144 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 70 ரூபாய்தான் வருது. அந்த 70 ரூபாயை மிச்சம் பண்ணப்போய் எதை இழக்கறோம்?

கூடுதல் பணம் எதுக்காகக் கொடுக்கறோம்?

லாப்ரடாருக்கு வர்ற பெரிய பிரச்சினை இடுப்பு மூட்டுக் கோளாறு. ஹிப் டிஸ்பிளேசியான்னு டாக்டர்கள் சொல்வாங்க. முழங்கை மூட்டிலும் இதே மாதிரி வரும். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. குட்டியைப் பார்த்தா எதுவும் தெரியாது, துறுதுறுன்னுதான் ஓடும். வளர்ந்து எடை கூடின பிறகு எழுந்திருக்கவே கஷ்டப்படும். அப்புறம் எக்ஸ்ரே, வலி மாத்திரை, சில சமயம் ஆபரேஷன். அதனால குட்டியைக் கொஞ்சறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க:

1. தாய், தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கா? ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா?
2. தாய் நாயை நேர்ல பார்க்க முடியுமா? குட்டிகள் வளர்ற இடத்தைக் காட்டுவாங்களா? பஸ் ஸ்டாண்டில் கொண்டு வந்து தர்றேன்னு சொன்னா அங்கேயே நிறுத்திக்கோங்க.
3. குட்டிக்கு 8 வாரம் முடிஞ்சிருக்கா? 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள்படி, அதுக்குக் குறைஞ்ச வயசில் விக்கவே கூடாது. தாயோடும் மத்த குட்டிகளோடும் இருக்கும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னுகூட அது கத்துக்குது.
4. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு இருக்கா? மைக்ரோசிப், தடுப்பூசி அட்டை, ரசீது மூணும் கிடைக்குமா?

"கேசிஐ பேப்பர் இருக்கு சார்"னு சொல்வாங்க. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் வம்சாவளியைக் காட்டும். ஆரோக்கியத்துக்கு அது கேரண்டி இல்லை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

முதல் வருஷம்: எங்க செலவு பண்ணணும், எங்க குறைக்கணும்

குறைக்கவே கூடாதது தடுப்பூசி. பார்வோ வைரஸ் வந்தா நல்லா இருந்த குட்டி சில நாளிலேயே செத்துப் போகலாம். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரைக்கும். 3 மாசம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளியில் பூஸ்டர். ஊசிகள் முடியற வரை தெருநாய்கள் புழங்கற இடத்தில் குட்டியைத் தரையில் விடாதீங்க. சென்னையில் இருந்தா மாநகராட்சி உரிமமும் கட்டாயம். பெரிய சிகிச்சைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்குங்கறதையும் மனசில் வெச்சுக்கோங்க.

குறைக்க வேண்டியது எது தெரியுமா? சாப்பாடு! 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒண்ணுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவா இன்னொண்ணுக்குக் கொடுத்து, ஆயுசு முழுக்கக் கவனிச்சாங்க. 2002-ல் முடிவு வந்தது. குறைவா சாப்பிட்டு ஒல்லியா இருந்த நாய்கள் கிட்டத்தட்ட 1.8 வருஷம் கூடுதலா வாழ்ந்தது. மூட்டுவலி வந்ததும் லேட்டாத்தான். செலவும் குறையும், ஆயுசும் கூடும். இந்த மாதிரி ரிட்டர்ன் எந்த ஃபண்டிலும் கிடைக்காதுங்க.

"அது பசியோட பார்க்குதே, பாவமா இருக்கே"ன்னு தோணும். நாலு லாப்ரடாரில் ஒண்ணுக்கு, போதும்ங்கற உணர்வைத் தர்ற ஒரு ஜீனில் கோளாறு இருக்குன்னு 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. எவ்வளவு போட்டாலும் அந்த நாய் பசியோடதான் பார்க்கும். அதனால கண்ணைப் பார்க்காதீங்க, விலாவைத் தடவிப் பாருங்க. லேசாத் தொட்டாலே விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். அளவை டாக்டரிடம் கேட்டு, கப்பில் அளந்து போடுங்க. சாக்லேட், திராட்சை, வெங்காயம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு செலவு உங்க நேரம். இதோட முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோட தண்ணியில் இறங்கி வேலை செஞ்ச நாய்கள். ஒன்பது மணி நேரம் ஃபிளாட்டில் தனியா பூட்டி வெச்சா சோபாவைத்தான் கடிச்சுக் குதறும். காலையிலும் சாயங்காலமும் வெயில் இல்லாத நேரத்தில் வாக்கிங் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்.

குட்டி வித்து சைடு இன்கம் பார்க்கலாமா?

இப்ப ரெண்டாவது கேள்வி. அந்த 2017 விதிகள்படி பெண் நாய்க்கு 18 மாசம் ஆகாம இணை சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்த பருவங்களில் சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல கூடாது. விக்கறதுக்காக வளர்த்தா பதிவும் வேணும்.

சினைக் காலம் சுமார் 63 நாள். பிறந்த பிறகு 8 வாரம் வளர்ப்பு. மொத்தம் நாலு மாசம். 7 குட்டி, தலா 15,000-னு வெச்சுக்கிட்டா வரவு 1,05,000. "எப்படியும் நாயை வளர்க்கத்தானே போறோம்"னு நீங்க சொல்வீங்க. சரி, தாயோட மாசச் செலவை விட்டுடுவோம். ஆண் நாய்க்கான கட்டணம் 15,000. ஸ்கேன், பிரசவச் செலவு 10,000. 7 குட்டிக்கு உணவு, புழு மருந்து, ஊசி, சிப் 28,000. மிச்சம் 52,000.

பரவாயில்லையேன்னு தோணுதா? சிசேரியன் ஆச்சுன்னா ஒரு 25,000 போச்சு. விக்கற வாரத்தில் ரெண்டு குட்டி இறந்தா 30,000 போச்சு. கணக்கு 3,000 நஷ்டத்தில் நிக்கும். தாயோட உயிர் ஆபத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தலைகீழா, இந்த ஈத்தில் லாபம் வந்தே ஆகணும்னா எதைக் குறைப்பீங்க? எக்ஸ்ரே, ஊசி, தாயோட ஓய்வு. அதாவது, எந்த ஆளிடம் வாங்காதீங்கன்னு மேல சொன்னேனோ, அந்த ஆளா நீங்களே மாறிடுவீங்க.

வரி விஷயமும் இருக்கு. குட்டி வித்து வர்ற லாபம் தொழில் வருமானம். சம்பளக்காரங்க வழக்கமா போடற ஐடிஆர்-1 இதுக்குச் செல்லாது. நாய்க்கான மருத்துவச் செலவுக்கு, இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 80டி கழிவும் கிடையாது.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

மாசம் 6,000 ரூபாய்க்கு 6 மாச ஆர்.டி. போடுங்க. தவறாம கட்ட முடிஞ்சா உங்க சம்பளம் இதைத் தாங்கும். முடிவில் கையில் இருக்கற 36,000 ரூபாயைக் குட்டியோட மெடிக்கல் ஃபண்டா தனியா வெச்சிடுங்க. உங்க குடும்ப எமர்ஜென்சி ஃபண்டில் கை வைக்காதீங்க. பெட் இன்சூரன்ஸ் எடுத்தா, பரம்பரை நோய்களுக்கு கவர் உண்டான்னு முதல்ல படிங்க. வாடகை வீடுன்னா ஓனர் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க.

மூணாவது மாசமே ஆர்.டி. இடிச்சுதுன்னா? ஒண்ணும் தப்பில்லை, ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கலாம். ஆர்.டி.யைப் பாதியில் உடைச்சா கொஞ்சம் வட்டிதான் போகும். நாயைப் பாதியில் விட முடியாது. வளர்ப்பு விலங்கைக் கைவிடறது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்க, கேட்டைத் திறந்து வெளிய விட்டாலும் அது உங்க வீட்டு வாசலுக்கேதான் திரும்பி வரும்.