கார்புரேட்டர் இல்லாமல் பறந்த விமானம்

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானத்தைப் பறக்க வைத்த எஞ்சினில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும், நாம் கார்புரேட்டர் என்று சொல்லும் கருவியே கிடையாது. டேட்டன் நகரில் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் அந்த எஞ்சினை ஆறே வாரத்தில் செய்து முடித்தார். இறக்கைக் கம்பத்தில் கட்டிய சிறு டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி, சிலிண்டர்களை ஒட்டிய தட்டையான ஓர் அறையில் சொட்டும். எஞ்சின் சூட்டில் ஆவியாகி, உள்ளே வரும் காற்றோடு கலக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் நுழைவு வால்வு தானே திறந்துகொள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு.

பெட்ரோல் ஆவியாகி, தன் எடையைப் போல் சுமார் 15 மடங்கு காற்றோடு சேர்ந்தால்தான் சரியாக எரியும். ஆவியாக்கச் சூடு வேண்டும். ஆனால் சூடேறிய காற்று விரிந்துவிடும். சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை குறையும், அதோடு எஞ்சினின் வலுவும் குறையும். ஆரம்பகால விமான எஞ்சின் செய்தவர்களை வாட்டிய சிக்கல் இதுதான்.

ரைட் சகோதரர்கள் தங்கள் எஞ்சினைச் சோதிக்க, அகலமில்லாத நீண்ட தகடுகள் கொண்ட ஒரு விசிறியை அதில் மாட்டிச் சுழலவிட்டார்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, குதிரைத்திறனைக் கணக்கிட்டார்கள். பிப்ரவரிச் சோதனையில் பெட்ரோல் பேரிங்குகளில் சொட்டி அவை இறுகிக்கொள்ள, அலுமினிய கிராங்க் கேஸ் உடைந்தது. புதிதாக வார்க்க வேண்டியதாயிற்று. முடிவில் கிடைத்த எஞ்சின், ஓடத் தொடங்கிய சில விநாடிகளுக்கு 16 குதிரைத்திறன் தரும். சூடேறியதும் 12க்கு இறங்கிவிடும். சகோதரர்கள் போட்ட கணக்குக்கு 8 இருந்தாலே போதும். அந்த எஞ்சினோடு டிசம்பர் 17 அன்று நான்காவது பறத்தல் 59 விநாடி, 852 அடி வரை நீண்டது.

அதே ஆண்டு சாமுவேல் லாங்லியின் விமானத்துக்காக சார்லஸ் மான்லி செய்த எஞ்சின் 52 குதிரைத்திறன் தந்தது. பெட்ரோலில் ஊறிய மரத்துண்டுகள் நிறைந்த தொட்டி வழியாகக் காற்றை இழுப்பது அவர் கண்ட வழி. விமானம் இருமுறை பொட்டோமாக் ஆற்றில் விழுந்ததால் அந்த அருமையான எஞ்சினையும் உலகம் மறந்துவிட்டது. அது நியாயமே இல்லை.

சூடு வலுவைக் குறைக்கிறது என்பதற்காக அதை அடியோடு விலக்கவும் முடியாது. ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் தோலைக் குளிர்விப்பதுபோல, ஆவியாகும் பெட்ரோல் கார்புரேட்டரின் குழலைக் குளிர்விக்கும். ஈரக் காற்றானால் உள்ளே பனிக்கட்டி படிந்து, காற்று வழியே அடைபடும். அதனால்தான் கார்புரேட்டர் உள்ள சிறு விமானங்களில் இன்றும் சூடான காற்றை உள்ளே விட ஒரு கைப்பிடி இருக்கிறது. விமானி அதை இழுத்ததும் எஞ்சினின் சுற்று சற்றே குறையும்.