மலைப்பாதையில் டீசலை விழுங்கும் பழைய லாரி: கோளாறு டைமிங்கிலா, காற்றிலா?

இடுக்கி மாவட்டம் ஏலப்பாறை போன்ற தேயிலை மலைப்பகுதிகளில் பழைய லாரியின் மைலேஜ் குறைந்தால், முதல் சந்தேகம் பெரும்பாலும் 'டைமிங்' மீதே விழுகிறது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. டீசல் பீய்ச்சப்படும் நேரமே அங்கு டைமிங். அது தாமதித்தால் இழுவை குறையும், வெண்புகை வரலாம். முந்தினால் தட்டும் ஓசை கூடும்.

கரும்புகை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காற்று. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜினில் ஏர் ஃபில்டரும் அடைபட்டிருந்தால் டீசல் முழுமையாக எரியாது. இழுவை வேண்டி பம்ப்பில் டீசலைக் கூட்டினால் புகைதான் பெருகும்.

பிரேக்கையும் சோதிப்பது அவசியம். ஏற்றம் ஏறி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அதன் பிரேக் விடுபடாமல் உரசுகிறது என்று கருதலாம். அதே லாரி இறக்கத்தில் இறங்கும்போது அந்த பிரேக் மேலும் சூடேறி, பிடிமானம் இழக்கக்கூடும்.